ஃபிலிம் லைனில் ஸ்டாட்டிக்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

பாலிதீன், பி.பி. (பாலிப்ரொப்பிலீன்), பாலியஸ்டர் என்று எந்த ஃபிலிமை ஓட்டினாலும் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) தொல்லை கூடவே வரும். பெரும்பாலான யூனிட்களில் அதற்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னொரு எர்த் பிட் போடுவது. பிட் போட்டு, கம்பி இழுத்து, உப்பும் கரியும் கொட்டிய பிறகும் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். எர்த் கம்பி உலோகத்தில் உள்ள சார்ஜை இறக்கும், ஆள் மேல் உள்ள சார்ஜை இறக்கும். ஃபிலிமில் உள்ளதை இறக்காது. ஃபிலிம் மின்சாரத்தைக் கடத்தாத பொருள். அதன் ஓரிடத்தை எர்த் செய்தால் அந்த இடத்தோடு சரி, ஒரு அங்குலம் தள்ளி இருக்கும் சார்ஜ் அசையாது. அதைத் தீர்க்க எதிர் அயனிகளைக் காற்றின் வழியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சார்ஜ் இருப்பது உலோகத்திலா, ஆளிடமா, ஃபிலிமிலா?

தொடங்கும் முன்

ஒரு ஸ்டாட்டிக் மீட்டர், ஒரு மல்டிமீட்டர், சுவரில் மாட்ட ஒரு ஈரப்பதமானி போதும். ஸ்டாட்டிக் பாருக்கு (ஊசி முனைகளிலிருந்து ஃபிலிம் மேல் அயனிகளை விடும் கருவி) பணம் ஒதுக்கும் முதலாளிகள் மீட்டர் என்றதும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் மீட்டரைத்தான் முதலில் வாங்க வேண்டும். அது இல்லாமல் பாரை எங்கே மாட்டுவது என்று தெரியாது. மாட்டிய பிறகு அது வேலை செய்கிறதா என்றும் தெரியாது.

மீட்டர் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபிலிம் இரண்டு ரோலருக்கு நடுவே காற்றில் ஓடும் இடத்தில்தான் அளக்க வேண்டும். உலோக ரோலர் மேல் ஒட்டி ஓடும் இடத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். சார்ஜ் எங்கும் போகவில்லை. அதன் மின்புலம் முழுக்கப் பின்னால் இருக்கும் உலோகத்தின் பக்கம் திரும்பிவிடுவதால் மீட்டருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ரோலரை விட்டு ஃபிலிம் பிரிந்ததும் அளவு எகிறும். மீட்டரை எர்த் செய்து, எர்த் ஆன தகட்டுக்கு எதிரே பூஜ்யம் வைத்து, அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் தூரத்தில் பிடியுங்கள். சிலவற்றுக்கு 25 மி.மீ., சிலவற்றுக்கு 100 மி.மீ.

ரோலைப் பிரிக்கும் அன்வைண்டரில் தொடங்கி, சுற்றும் வைண்டர் வரை ஒவ்வொரு திறந்த இடைவெளியிலும் அளந்து தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். 3 கிலோவோல்ட், 3, 4 என்று வந்து திடீரென்று 18 என்றால், 4-க்கும் 18-க்கும் நடுவே இருப்பதுதான் ஆசாமி. பெரும்பாலும் அது ரப்பர் நிப் ரோலராகவோ (ஃபிலிமை அழுத்திப் பிடித்து ஓட்டும் ரோலர்) கொரோனா ட்ரீட்டராகவோ (மை ஒட்டுவதற்காக ஃபிலிம் மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சும் கருவி) இருக்கும். இரண்டு வேறு பொருட்கள் அழுந்தி ஒட்டிப் பிரியும்போது ஸ்டாட்டிக் பிறக்கிறது. அழுத்தமும் வேகமும் ஏறினால் அதுவும் ஏறும். கொரோனா ட்ரீட்டர் தன் பங்குக்கு நேரடியாகவே சார்ஜைத் தெளித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஓடும் நிப் பக்கம் மீட்டரோடு கையை நீட்டாதீர்கள். சால்வென்ட் புழங்கும் இடத்துக்குள் சாதாரண மீட்டர், மல்டிமீட்டர் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

"ஷாக் அடிக்குது"

எப்படி அடிக்கிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பட்டென்று ஒரே அடி, உடனே மறுபடி தொட்டால் ஒன்றுமில்லை என்றால் ஸ்டாட்டிக். கை வைத்திருக்கும் வரை விறுவிறுவென்று இழுத்துக்கொண்டே இருந்தால் அது ஸ்டாட்டிக் இல்லை, கரண்ட் லீக்கேஜ். ஹீட்டரிலோ மோட்டாரிலோ இன்சுலேஷன் போயிருக்கிறது. மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "ஸ்டாட்டிக்தான் தம்பி, போகப் போகப் பழகிடும்" என்று சொல்லியே லீக்கேஜ் மெஷினை ஓட்டும் இடங்களும் உண்டு. அங்கே யாரும் பழகிக்கொள்ள நேரம் கிடைக்காது.

ஸ்டாட்டிக்தான் என்று உறுதியானால், எதைத் தொடும்போது அடிக்கிறது என்று பாருங்கள்.

கதவுக் கைப்பிடி, மேசை, பைப் என்று எதைத் தொட்டாலும் அடித்தால் சார்ஜ் ஆளிடம் இருக்கிறது. ரப்பர் செருப்பு, எப்பாக்ஸி பூசிய தரை இரண்டும் சேர்ந்தால் நடந்தாலே ஏறும். சார்ஜ் உள்ள பெரிய ரோல் பக்கத்தில் சும்மா நின்றாலும், தொடாமலே தூண்டலால் ஏறும். இதற்கு ஸ்டாட்டிக் இறக்கும் ஷூவும் கடத்தும் தரையும் சேர்ந்தே வேண்டும். ஆளிலிருந்து எர்த் வரை மின்தடை 100 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும். நல்ல ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் சாதாரண ரப்பர் மேட் விரித்திருப்பார்கள், அதோடு ஷூவின் வேலை முடிந்தது. அடிப்பகுதியில் மையும் ஃபிலிம் துணுக்கும் அப்பிய ஷூவும் அப்படித்தான்.

ஒரு குறிப்பிட்ட ரோலர், ஸ்டாண்டு, டிராலியைத் தொடும்போது மட்டும் அடித்தால், அந்த உலோகம் எர்த்தோடு தொடர்பில்லாமல் தனியாக நிற்கிறது. மெஷினை நிறுத்தி அந்த உலோகத்துக்கும் எர்த் பஸ்பாருக்கும் (எர்த் கம்பிகள் சேரும் உலோகப் பட்டை) நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்டாட்டிக்கை இறக்க 1 மெகா ஓம் இருந்தாலே போதும். ஆனால் உலோகத்தோடு உலோகம் இணைந்த வழியில் 10 ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ துருவோ, பெயிண்டோ, லூஸ் போல்ட்டோ இருக்கிறது என்று பொருள். இன்றைக்கு 200 ஓம் காட்டும் இணைப்பு அடுத்த மாதம் முழுதாக விட்டிருக்கும். நைலான் புஷ்ஷில் சுழலும் ஐட்லர் (மோட்டார் இல்லாமல் ஃபிலிமோடு சுழலும் ரோலர்), நைலான் சக்கர டிராலி, பெயிண்ட் மேல் முடுக்கிய பிராக்கெட் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். நிற்கும்போது நன்றாகக் காட்டும் பேரிங்கூட ஓடும்போது கிரீஸ் படலத்தின் மேல் மிதந்து தொடர்பை விட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் ஷாஃப்ட்டில் ஒரு கார்பன் பிரஷ் வைத்துவிடுங்கள்.

சுற்றி முடித்த ரோல் பக்கம் போனாலே கை முடி சிலிர்த்து, தொட்டால் ஆளைத் தூக்கிப் போடுகிறது என்றால் அது ஃபிலிமின் சார்ஜ். இதுதான் இருப்பதில் பலமான ஷாக். ஓடும் ஃபிலிமில் சில கிலோவோல்ட்தான் இருந்திருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது எல்லாம் கூடிக்கொண்டே போகும். வைண்டருக்கு முந்தைய கடைசி இடைவெளியில் ஃபிலிமைச் சார்ஜ் இல்லாமல் ஆக்குவதுதான் வழி. சுற்றி முடித்த ரோலை வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது. எர்த் கம்பியால் தொட்டால் மேல் சுற்றில் சடசடவென்று பொறி பறக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், பாலெட்டில் நாள்கணக்கில் கிடந்தாலும் இருக்கும். அடுத்த மெஷினில் பிரித்து ஓட்டும்போதுதான் அதைப் போக்க முடியும். அதனால் ஸ்லிட்டர் (ஃபிலிமைப் பட்டைகளாக வெட்டும் மெஷின்), பை மெஷின் இவற்றின் அன்வைண்டரிலும் ஒரு பார் தேவை.

"பார் ஓடுது, ஆனா பிரயோஜனம் இல்ல"

அடிக்கடி கேட்கும் புகார் இது. இதிலும் பார் உண்மையில் கெட்டுப்போயிருப்பது குறைவு.

முதல் சந்தேகம் ஊசிகள் மேல். தூசியும் மை ஆவியும் படிந்து ஊசி முனை மழுங்கியது போல் ஆகியிருக்கும். சப்ளையை நிறுத்திவிட்டு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், பிசுக்கு இருந்தால் கொஞ்சம் ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். வாரம் ஒரு முறை என்று வழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் புகார் வராது.

அடுத்து, பார் எதற்கு எதிரே இருக்கிறது? இடம் வசதியாக இருக்கிறது என்று உலோக ரோலருக்கு நேர் எதிரே மாட்டியிருப்பார்கள். மீட்டருக்குச் சொன்ன அதே கதைதான் இங்கேயும். புலம் ரோலர் பக்கம் திரும்பியிருப்பதால் அயனிகளை ஃபிலிம் இழுக்காது. ரோலரை விட்டு நன்றாகத் தள்ளி, ஃபிலிம் காற்றில் ஓடும் இடத்துக்கு மாற்றுங்கள். சாதாரண ஏ.சி. பாருக்கு 25 முதல் 50 மி.மீ. தூரம் சரி. ஒரு அடி தள்ளி மாட்டிவிட்டு அதைக் குறை சொல்லக் கூடாது. வைண்டரில் ரோல் வளர வளரத் தூரம் மாறும் என்பதால் அங்கே தொலைவு எட்டும் பல்ஸ் டி.சி. பார்தான் பொருந்தும்.

மூன்றாவது, பாருக்குப் பிறகு இன்னொரு நிப் இருக்கிறதா? இருந்தால் அங்கே மறுபடி சார்ஜ் ஏறும். பார் தன் வேலையை முடித்துவிட்டது, அடுத்த ரோலர் அதைக் கெடுத்துவிட்டது.

நான்காவது வேகம். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. பார் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட் எடுக்கிறது. ஃபிலிம் நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடினால் அந்த நேரத்தில் 100 மி.மீ. நகர்ந்துவிடும். பார் மிக அருகில் இருந்தால் பிளஸ் ஒரு பட்டை, மைனஸ் ஒரு பட்டை என்று ஃபிலிம் முழுக்க வரி விழும். பழைய மெஷினில் நன்றாக வேலை செய்த பார் புது வேக மெஷினில் சொதப்புவதற்கு இது ஒரு காரணம். கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், தீராவிட்டால் டி.சி. வகைக்கு மாறுங்கள்.

பார் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை: ஒரு ஃபிலிம் துண்டைத் துணியில் தேய்த்து மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். மெஷின் நிற்கும்போது பாரை மட்டும் ஓடவிட்டு, துண்டின் இரு முனையையும் பிடித்து பாருக்கு முன்னே மெதுவாகக் கடத்தி மறுபடி அளந்து பாருங்கள். அளவு பூஜ்யம் பக்கம் வந்தால் பார் நன்றாக இருக்கிறது, குறை மாட்டிய இடத்தில்.

இவ்வளவும் சரி, மீட்டரும் பூஜ்யம் காட்டுகிறது, ஆனாலும் ஃபிலிம் ஒட்டுகிறது என்றால் இரண்டு முகத்திலும் எதிரெதிர் சார்ஜ் சம அளவில் இருக்கலாம். கொரோனா ட்ரீட் செய்த ஃபிலிமில் இது உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் மீட்டருக்கு இரண்டும் கழிந்து பூஜ்யமாகத்தான் தெரியும். இதைப் பாரால் முழுதாகத் தீர்ப்பது கடினம். ட்ரீட்டரைவிட்டு ஃபிலிம் வெளியே வந்தவுடனே இரு பக்கமும் பார் வைப்பது ஓரளவு உதவும்.

டின்சல் (மெல்லிய உலோக இழைச் சரம்), கார்பன் இழை பிரஷ் போன்ற மின்சாரம் இல்லாத வகைகளை மட்டமாக நினைக்க வேண்டாம். அவற்றுக்கு ஒழுங்கான எர்த் வேண்டும், ஃபிலிமுக்குச் சில மி.மீ. அருகில் இருக்க வேண்டும். சில கிலோவோல்ட்டை மிச்சம் வைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 20 கிலோவோல்ட்டை அந்த அளவுக்கு இறக்க அந்த விலைக்கு வேறு எதுவும் கிடைக்காது. சின்ன பை மெஷின் பலவற்றுக்கு அதுவே போதும்.

"பை பிரியல, அடுக்கு நிக்கல"

எல்லா ஒட்டலும் ஸ்டாட்டிக் இல்லை. பையைப் பிரிக்கும்போது சடசட சத்தம் வந்து, பிரித்த பிறகும் கையைச் சுற்றிக்கொண்டால் ஸ்டாட்டிக். சத்தமில்லாமல் பசை போட்டது போலப் பிடித்து, ஒரு முறை உரித்த பிறகு மறுபடி ஒட்டாவிட்டால் அது பிளாக்கிங்: ஸ்லிப், ஆன்டிபிளாக் (ஃபிலிம் வழுக்கவும் ஒட்டாமலிருக்கவும் சேர்ப்பவை) குறைவு, அல்லது ரோலைச் சூடாகவும் இறுக்கமாகவும் சுற்றியது. அயனி ஏர் கன் இருந்தால் ஓரத்தில் ஊதிப் பாருங்கள். அடுக்கு தளர்ந்தால் ஸ்டாட்டிக். பிளாக்கிங்குக்கு எத்தனை பார் வாங்கினாலும் பலனிருக்காது.

ஸ்டாட்டிக்தான் என்றால், பை மெஷினில் கட்டர் தாண்டி பை விழும் இடத்துக்குச் சற்று முன் பார் வேண்டும்.

"பிரிண்ட்ல தூசி, ஓரத்துல முடி முடியா மை"

தூசிக்கு ஏர் கன் எடுத்து ஊதுவார்கள். ஃபிலிமில் சார்ஜ் இருக்கும் வரை ஊதிய தூசி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். முதலில் பார், அதன் பிறகு உறிஞ்சல் என்ற வரிசையில் செய்யுங்கள். வெறுமனே ஊதுவது தூசிக்கு இடம் மாற்றிக் கொடுப்பதுதான்.

எழுத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய முடி போல மை நீண்டால், பிரிண்டிங் நிலையத்துக்குள் போகும் ஃபிலிமில் சார்ஜ் இருக்கிறது, அல்லது மை மின்சாரத்தைக் கடத்தவில்லை. நிலையத்துக்கு முன்னால் ஃபிலிமை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். போதாவிட்டால் மையை அதிகம் நீர்க்கவிடாமல் விஸ்காசிட்டியைச் சற்று ஏற்றிப் பாருங்கள். அந்த மைக்கு ஒத்துப்போனால் ஆல்கஹால் வகை சால்வென்ட் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும், மை சப்ளையரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராவூர் மெஷின்களில் இதே விசையை வேண்டுமென்றே உண்டாக்கி, சிலிண்டர் குழிகளிலிருந்து மையை இழுத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கைத் தட்டையாக வார்க்கும் காஸ்ட் லைனில் ஃபிலிமின் ஓரத்தைச் சில் ரோலில் (குளிர்விக்கும் ரோலர்) ஒட்டவைப்பதும் ஸ்டாட்டிக்தான்.

"மை டிரே பக்கம் பொறி தெரிஞ்சுது"

இதற்கு மட்டும் ஓட்டிக்கொண்டே பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. மெஷினை நிறுத்துங்கள், மூடிகளை மூடுங்கள், ஆட்களை வெளியே அனுப்பி ஆவி வெளியேறும்வரை காற்றோட்டம் விடுங்கள். பிறகுதான் காரணம் தேட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மனிதர் சுமார் 150 பைக்கோஃபாரட் மின்தேக்கி. அவர் மேல் 2 கிலோவோல்ட் இருந்தால் பொறியில் 0.3 மில்லிஜூல் இறங்கும். டொலுயீன் ஆவி தீப்பிடிக்கச் சுமார் 0.24 மில்லிஜூல் போதும். 3 கிலோவோல்ட் பக்கம் போனால்தான் பெரும்பாலானோருக்கு அடிப்பதே தெரியும். அதாவது ஆள் உணராத பொறிக்கே தீ வைக்கும் பலம் உண்டு. "ஷாக் அடிக்கல, அதனால ஸ்டாட்டிக் இல்ல" என்ற வாதம் சால்வென்ட் ரூமில் செல்லாது. எத்தில் அசிடேட்டின் ஃப்ளாஷ் பாயிண்ட் (தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 4 டிகிரி, டொலுயீனுக்கு 4 டிகிரி, ஐ.பி.ஏ.வுக்கு 12 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் மூன்றுமே எப்போதும் தயார் நிலையில்தான் இருக்கும்.

முதலில் தேட வேண்டியது பிளாஸ்டிக் பக்கெட். டொலுயீன் மின்சாரத்தைக் கடத்தாது, ஊற்றும்போதே சார்ஜ் பிடிக்கும். ஐ.பி.ஏ.வும் எத்தில் அசிடேட்டும் அதைவிட நன்றாகக் கடத்தும், அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அவற்றைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்தால் எர்த்துக்கு வழியில்லாமல் தனித்து நிற்கும், பக்கத்தில் உலோகம் வந்தவுடன் மொத்த சார்ஜும் ஒரே பொறியில் இறங்கும். எடுப்பது, ஊற்றுவது, கலப்பது எல்லாம் உலோகப் பாத்திரத்தில் நடக்கட்டும். மூடியைத் திறக்கும் முன் டிரம், கேன், டிரே மூன்றையும் கிளிப் போட்டு இணைத்து எர்த் செய்யுங்கள். மூடிய பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். கிளிப்பின் பல் பெயிண்டைக் குத்திக்கொண்டு உலோகத்தில் படிந்திருக்க வேண்டும். மேலிருந்து கொட்டாமல், குழாயைப் பாத்திரத்தின் அடிவரை இறக்கி, அதன் வாய் முழுகும்வரை வினாடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகாமல் விடுங்கள்.

உலோக டிரம்முக்குள் பாலிதீன் லைனர் போட்டு உருவுவது, சிந்தெட்டிக் துணியால் ரோலரைத் துடைப்பது, வேலை நடக்கும் இடத்தில் பாலியஸ்டர் மேல்சட்டையைக் கழற்றுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இந்தப் பகுதிக்குள் ஆபத்துப் பகுதிக்கென்று சான்று பெற்ற பார் மட்டுமே வைக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த சாதாரண பாரே பொறிக்குக் காரணமாகிவிடும். இன்னொன்று: தீ இல்லாதபோது ஆவியை அடக்கலாம் என்று கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் திறந்து பீய்ச்சாதீர்கள். அந்தப் பீய்ச்சலே பலமான சார்ஜை உண்டாக்கும்.

"காலையில நல்லா இருக்கு, மதியம் ஆனா ஆரம்பிச்சிடுது"

ஈரப்பதமானியை இதற்குத்தான் மாட்டச் சொன்னேன். மாசி, பங்குனியில் உள் மாவட்டங்களில் மதிய ஈரப்பதம் நன்றாக இறங்கிவிடும். ஃபிலிம் யூனிட்காரர்கள் கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லைப் பார்த்துவிட்டு ஹியூமிடிஃபையர் வாங்கி வைக்கிறார்கள். பஞ்சு நீரை உறிஞ்சும், காகிதமும் உறிஞ்சும். அங்கே 55, 60 சதவீத ஈரப்பதம் பெரிய மருந்து. பாலிதீனும் பி.பி.யும் நீரை ஏற்காத பொருட்கள். ஈரம் ஏற்றினால் தரை, செருப்பு, அட்டை கோர் எல்லாம் கொஞ்சம் கடத்த ஆரம்பிக்கும், ஷாக் புகார் குறையும், ஆனால் ஃபிலிமின் சார்ஜ் பெரிதாக இறங்காது. அதற்காக 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் உலோகம் துருப்பிடிக்கும், மை காயாது. 50 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு, மிச்சத்தைப் பாரிடம் விடுங்கள்.

"ஆன்டிஸ்டாட்டிக் மாஸ்டர்பேட்ச் போட்டும் அப்படியேதான்"

எப்போது அளந்தீர்கள்? ஃபிலிம் செய்யும்போதே பிளாஸ்டிக்கில் கலக்கும் இந்த மருந்து ஃபிலிமுக்குள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. வெளியே வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். லைனிலிருந்து வந்த சூட்டோடு அளந்தால் ஒன்றும் போடாத ஃபிலிம் போலத்தான் இருக்கும். காற்று வறண்டிருந்தால் வந்த பிறகும் தூங்கும். அளவைக் கூட்டுவதில் அவசரம் வேண்டாம். மேலே அதிகமாக வந்தால் மை பிடிக்காது, லேமினேஷன் பிரியும், சீல் பலவீனமாகும். எக்ஸ்ட்ரூடரிலேயே (பிளாஸ்டிக்கை உருக்கி ஃபிலிமாக்கும் மெஷின்) வரும் ஷாக்குக்கு இதை நம்பக் கூடாது.

"பேனல் ஹேங் ஆகுது, சென்சார் சும்மா சும்மா டிரிப் ஆகுது"

தேதி, நேரம், ஓடிய மெட்டீரியல், ஈரப்பதம் நான்கையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். வறண்ட மதியத்திலும் வேகம் ஏற்றும்போதும் மட்டும் நடந்தால் ஸ்டாட்டிக் பொறிதான் காரணமாக இருக்கும். பேனல் கதவுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் எர்த் பட்டை இருக்கிறதா, லோட் செல் (ஃபிலிமின் இழுவிசையை அளக்கும் சென்சார்) கேபிளின் ஷீல்டு எர்த்தில் சேர்ந்திருக்கிறதா, சென்சார் பிராக்கெட் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தாளில் எழுதிய அந்த அளவுகளை எடுத்து, சென்சாருக்கு அருகில் எந்த இடைவெளியில் அளவு அதிகம் என்று பார்த்து, ஒரு டின்சலை அங்கே கட்டி ஓட்டிப் பாருங்கள். அடுத்த வாரக் குறிப்பில் டிரிப் குறையாவிட்டால் சப்ளை லைனையும் டிரைவின் வயரிங்கையும் சந்தேகிக்கலாம்.